இணைப்பின் மேல் எழுப்பிய குன்று

சைனிக்புரியில் எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு மாதிரி ரயில்பாதை இருக்கிறது. இரண்டு ஒட்டுப்பலகைகளை மேசைச் சட்டத்தின் மேல் அருகருகே வைத்து அவற்றின் மேல் அமைத்தது. ஒரு பலகை என்னுடையது. மற்றது அடுத்த தெருவில் வாடகைக்கு இருந்த என் நண்பருடையது. விமானப்படையில் மின்சாரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். நான் திருநெல்வேலி. பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் பொறியாளராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். காய்கறிக் கடையில் தெலுங்குக்கு நடுவே தமிழ் கேட்டுத் திரும்பிப் பார்த்ததில் தொடங்கிய பழக்கம்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். தண்டவாளம், அது பிரியும் பாயிண்ட், வயரிங், ஸ்டேஷன் எல்லாம் அவர். மண், மரம், பாறை எல்லாம் நான். பாறைதான் எனக்குப் பெரிய சவாலாக இருந்தது. இந்த ஊர்ப் பாறைகள் ஒன்றின் மேல் ஒன்றாக, இப்போது விழுந்துவிடும் என்பதுபோல நிற்கும்; ஆனால் விழுவதில்லை. அதைப் பார்த்துக்கொள்வதற்காகவே காலையில் அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து ஊருக்கு வெளியே போவேன். நான் பாறையைப் பார்ப்பேன், அவர் என்னை அவசரப்படுத்தாமல் வண்டியில் சாய்ந்துகொண்டு நிற்பார். தெர்மோகோலைச் செதுக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி, நான் செய்த முதல் குன்றைக் காட்டியபோது அவர் வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

“ஏனுங்க சார், இது மலைங்களா, புளிச்சுப் பொங்குன இட்லி மாவுங்களா?”

அதை உடைத்துவிட்டு மறுபடி செய்தேன். மண்ணுக்குக் காப்பி பில்டரில் மிஞ்சும் சக்கையை வெயிலில் காயவைத்துச் சலித்துத் தூவினேன். மரங்களுக்குப் பீர்க்கங்காய் நாரைக் கிழித்துப் பச்சைச் சாயத்தில் முக்கினேன். என் மனைவி, வீட்டில் பாத்திரம் தேய்க்க வைத்த நாரெல்லாம் மாடியில் காடாகிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

ஆரம்பத்திலேயே அவர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். இரண்டு பலகைகளையும் அடியில் போல்ட்டு, நட்டு போட்டுத்தான் இணைக்க வேண்டும். நாளைக்கு யாராவது வீடு மாறினால் அவரவர் பலகையைக் கழற்றிக்கொண்டு போக வேண்டும். அதனால் அந்த இணைப்பின் மேல் எதையும் கட்டக் கூடாது. பாறையோ புதரோ, பலகைகள் சேரும் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட வேண்டும். இந்த வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த விதிதான் அது. நான் ஒப்புக்கொண்டேன். அப்போது வீடு மாறுவது என்பது வேறு யாருக்கோ நடக்கிற விஷயமாக இருந்தது.

பிறகு அவருடைய மனைவி காலமானார். அதன் பின் அவர் தினமும் வந்தார், சில நாள் இரண்டு வேளையும். ஒன்றும் பேசாமல் வயர்களுக்குச் சாலிடரிங் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு அந்த மௌனம் பழகிப்போய்விட்டது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்கு அது பிடித்துமிருந்தது. ஒரு நாள் கையிலிருந்த வயரைப் பார்த்துக்கொண்டே, மகள் கோயம்புத்தூருக்குக் கூப்பிடுகிறாள், பொங்கல் கழிந்ததும் போய்விடலாம் என்றிருக்கிறேன் என்றார். நல்லது, பிள்ளையோடு இருப்பதுதான் நல்லது என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். நான் மரத்துக்குச் சாயம் தோய்க்கக் குனிந்துகொண்டேன்.

அங்கே வீட்டை ஒழுங்கு செய்ய அவர் போயிருந்த நாட்களில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். இரண்டு பலகைகளும் சேரும் இடத்தில், கோட்டின் மேலேயே, கம்பி வலையை வளைத்து வைத்து ஒரு பெரிய குன்றை எழுப்பினேன். தண்டவாளம் அதன் அடியில் சுரங்கமாகப் போனது. நான் செய்ததிலேயே சிறந்த பாறைகள் அவை. அந்தக் கோடு நிலத்தை இரண்டாக வெட்டியதுபோலத் தெரிகிறது, அதை மறைக்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன். ஆனால் குன்று காய்ந்த பிறகு மேசைக்கு அடியில் படுத்து, நட்டுகளின் மேல் எல்லாம் கல்லாக இறுகும் எபாக்ஸி பசையை ஊற்றினேன். அழகுக்காக யாரும் நட்டின் மேல் பசை ஊற்றுவதில்லை.

அவர் திரும்பி வந்து, பலகையைக் கழற்றிக் கட்டுவதற்குப் பழைய போர்வைகளை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். குன்றைப் பார்த்து நின்றார். கோடு கண்ணை உறுத்தியது, அதனால்தான் என்றேன். அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் குனிந்தார். நான் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உடைத்துவிடலாம், ஒரு நாள் வேலை என்று சொல்ல அவகாசம் இருந்தது. சொல்லவில்லை.

அவர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டார். குன்றின் மேல் விரலை ஓட்டினார்.

“மலை நல்லா வந்துருக்குதுங்க சார். இங்கேயே இருக்கட்டும்” என்றார்.

போர்வைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். சொன்னபடியே கோயம்புத்தூருக்கும் போய்விட்டார். பலகை இங்கே இருந்தால் அதைப் பார்க்கவாவது வருவார் என்பது என் கணக்கு. அவர் வரவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போனில் விசாரித்தார். ரயிலைப் பற்றிக் கேட்கவில்லை. நான் தனியாக மாடியில் வண்டியை ஓட்டுவேன். சுரங்கத்துக்குள் போய் வெளியே வரும். அதை நிறுத்தத் தோன்றாமல் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் அவர் உட்கார்ந்த நாற்காலியில் மனைவி துவைத்த துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

பின்னொரு சமயம் அவருடைய மகள் என் மனைவியோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு செய்தி சொன்னாளாம். அப்பா கோயம்புத்தூருக்குக் குடிவருவதற்கு முன்பே தச்சரை வரவழைத்து, தன் பலகையை வைப்பதற்கென்றே அளவெடுத்து ஒரு மேசை செய்யச் சொல்லியிருந்தார், அதில் எதுவும் வைக்காமல் ரொம்ப நாள் சும்மா கிடந்தது என்று. மனைவி என் முன்னால் வந்து நின்றாள்.

“ஒரு மனுசனுக்கு இருந்த ஒரே பிடிப்பையும் பிடுங்கி வச்சுக்கிட்டீங்களே. உங்களுக்கு வெக்கமா இல்ல?”

வெட்கமாகத்தான் இருந்தது. அப்படியும் உடனே எதுவும் செய்யவில்லை. குன்றை அறுத்தால் நான் செய்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்து பல மாதங்களை ஓட்டினேன். கடைசியில் போன மழைக்காலத்தில் இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடை எடுத்து, கோட்டை ஒட்டியே அறுத்தேன். பிளாஸ்டர் பொடி அறை முழுவதும் பறந்தது. நட்டுகளை உளி வைத்து உடைக்க வேண்டியிருந்தது. அதில் பலகையின் ஓரமும் பெயர்ந்தது. பலகை தனியாக வந்ததும் அவருக்குப் போன் செய்தேன். குன்றை அறுத்துவிட்டேன், பலகையை லாரியில் அனுப்புகிறேன் என்றேன்.

“அந்த மேசையில இப்ப பேத்தி படிக்குதுங்க சார். வைக்கிறதுக்கு எடமில்லீங்களே” என்றார். குரலில் கோபம் இல்லை. எப்படி அறுத்தீர்கள் என்று கேட்டார், சொன்னேன், அறையெல்லாம் பொடி என்றேன். பிளேடைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு அறுத்திருந்தால் இவ்வளவு தூசி வந்திருக்காது என்றார். பழைய நாட்களைப் போலவே பேசினார். அதைக் கேட்டதும் என்னால் அடக்கிக்கொள்ள முடியவில்லை.

“நீங்க போயிரக் கூடாதுன்னுதான் பசையை ஊத்தினேன்.”

“தெரியுமுங்க. அன்னிக்கே பாத்தனுங்களே.” அவர் பக்கம் குக்கர் விசில் அடிப்பது கேட்டது. “போகாதீங்கன்னு வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, யோசிச்சிருப்பனுங்க.”

நல்லது, பிள்ளையோடு இருப்பதுதான் நல்லது என்று அன்று சொன்ன நான்தான் இப்போது போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். பலகை இல்லாமல் நான் மட்டும் ஒரு தடவை வரட்டுமா என்று கேட்டேன்.

வாங்க என்றார். எப்போது என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் அவருக்கும் இருக்கிற வயதில் எந்த நாளையும் நம்பிச் சொல்ல முடியாது என்று நினைத்து, நானும் நாள் எதுவும் சொல்லவில்லை.