துர்க்கையின் இடது கண்

தூரிகை முனையை உதட்டில் வைத்து உறிஞ்சித்தான் கூராக்குவார் பொன்தாள்காரர். வண்ணம் விஷம் என்று யார் சொன்னாலும் காதில் ஏறாது. இதற்காகவே அவரை முறைக்க வீட்டில் ஓர் ஆள் இருந்தாள். அவர் மனைவி. அவள் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம்.

அவர் சாமி படங்களில் சுண்ணமும் பசையும் குழைத்து, நகைகளைப் புடைக்கவைத்து, பொன்தாள் ஒட்டுகிறவர். மனைவி மூங்கில் பேனாவால் கோடிழுத்து, இடுக்கு விடாமல் மீனும் கொடியுமாக நிரப்புகிறவள். ஒரே பலகையில் இரண்டு பாணி. கல்யாணமான புதிதில் ஒருநாள் ஒரு துர்க்கைக்கு வலது கண்ணை எழுதிவிட்டு அவர் அசந்து தூங்கிப்போனார். ஒத்தாசையாக இருக்கட்டுமென்று இடது கண்ணை அவள் எழுதிவிட்டாள். ஒன்று பாதி மூடி அருள்பாலித்தது. மற்றது காதுவரை நீண்டு முறைத்தது. வாங்க வந்தவர்களுக்கு அதுதான் பிடித்தது. அன்றிலிருந்து வலது அவருடையது, இடது அவளுடையது.

"உங்க கண்ணு தூங்குது" என்பாள். "உன்னுது சண்டைக்கு வருது" என்பார்.

கடைசித் துர்க்கைக்கு இடது கண் இல்லை. சுவரைப் பார்த்தபடி சாய்ந்து கிடந்தாள். அந்தக் கண் வராவிட்டால் தொழிலையே மூட்டை கட்டிவிடுவதாக மகளிடம் சொல்லிவிட்டார்.

மகள் லிஃப்ட் கம்பெனியில் வரைபடம் போடுகிறவள். அழ வேண்டிய நேரத்தில் அளந்துகொண்டிருந்தாள். அம்மாவின் பழைய படங்களில் இருந்த கண்களையெல்லாம் அளந்து, சராசரி எடுத்து, தாளில் அச்சிட்டுக் கொண்டுவந்து நீட்டினாள்.

அவர் வெகுநேரம் பார்த்தார். "கோடு சரியா இருக்கும்மா. கோவந்தான் இல்ல. அந்த முறைப்ப இத்தன வருஷமா வாங்கிக் கட்டிக்கிட்டவன் நானு. அவ பேனாவ எடு."

"உங்க கை நடுங்குதேப்பா."

"அவ மொறச்சா எப்பவும் நடுங்கும்."

பலகையைத் திருப்பி வைத்தார். ஒரே இழுப்பு. கோடு நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், அவரே ஒட்டிய பொன் தோட்டில் போய் இடித்து நின்றது. மகள் அளந்த கண்களில் பாதி அப்படித்தான் இடித்திருந்தன. அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த பலகையைத் துடைத்துத் தரச் சொன்னார். தூரிகையை எடுத்து, பழக்கதோஷத்தில் உதட்டருகே கொண்டுபோனார். கை பாதியில் நின்றது. ஓரக்கண்ணால் துர்க்கையைப் பார்த்தார்.

தூரிகையை மெல்லத் தண்ணீர்க் கிண்ணத்தில் தோய்த்தார்.