மூன்று தடவை நின்ற வண்டி

ஓடிக்கொண்டிருக்கிற வண்டி திடீரென்று நின்று, மறுபடி கிளம்பமாட்டேன் என்றால் எல்லோரும் முதலில் பானெட்டைத் திறப்பார்கள். நான் பின்பக்கம் போய் டாங்க் மூடியைத் திறப்பேன். இப்போது வருகிற வண்டிகளில் அதற்கு வேலையே இல்லை. போன மாதம் என் வண்டி வலங்கைமான் கடைத்தெருவில் நின்றுபோனது. ஒர்க்‌ஷாப்காரர் வந்து ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் செருகி, அதில் வந்த எழுத்தைப் படித்துவிட்டு, சென்சார் போய்விட்டது என்றார். அதற்குள் நான் மூடியைத் திருகி, காதை வைத்துக் கேட்டு, மூடிவிட்டு வந்திருந்தேன்.

"என்னண்ணே, பெட்ரோல் வாசம் புடிக்கிறீங்களா?" என்று சிரித்தார்.

நானும் சிரித்து வைத்தேன். நாலு பேர் முன்னால் எனக்குக் கதை சொல்ல வராது. ஐந்தாம் வகுப்பு வரை படித்த எழுத்து இருக்கிறது. அதில் எழுதிப்பார்க்கிறேன்.

இருபத்திரண்டு வருஷம் இருக்கும். அப்போது நான் எங்கள் ஊர் ரைஸ்மில் முதலாளியிடம் டிரைவர். பழைய வெள்ளைக் கார், பெட்ரோல் வண்டி. எனக்கு முப்பது தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. பெண் பார்க்கப் போகிற வழியிலேயே அம்மா திரும்பிவிடுவாள், அதுதான் காரணம். முதல் தடவை பஸ்ஸுக்கு நிற்கும்போது சாரைப்பாம்பு குறுக்கே போனது. "வேணாம்டா" என்றாள். இரண்டாவது தடவை பெண் வீட்டுக்குப் போகுமுன் கோவிலில் உடைத்த தேங்காய் அழுகல். கோவில் வாசலிலிருந்தே திரும்பினோம். அந்தப் பெண் வீட்டில் கேசரி கிண்டி வைத்துக் காத்திருந்தார்களாம். நான் அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குப் பேச்சு வராது என்பது ஒன்று. அம்மா பயப்படுவது என் நல்லதுக்குத்தான் என்று தெரியும் என்பது இன்னொன்று.

மூன்றாவது இடம் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பெண்ணின் அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. போட்டோ வந்தது. ஸ்டுடியோ நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. இரண்டு கையும் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருந்தன, ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவள் மாதிரி. போட்டோ எடுக்கும்போது நானும் அப்படித்தான் இருப்பேன். அதைப் பார்த்ததும் எனக்கு யாரோ தெரிந்தவளைப் பார்த்த மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. போட்டோவை காரில் வெயில் மறைக்கிற தட்டிக்குப் பின்னால் செருகி வைத்துக்கொண்டேன். இதுவும் தவறிப்போனால் இனி யார் சொன்னாலும் பெண் பார்க்கப் போவதில்லை என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தேன்.

"எங்க மில்லு வண்டியையே எடுத்துட்டுப் போய்யா. மாப்பிள்ளை பஸ்ல போய் எறங்கினா நல்லாவா இருக்கும்?" என்றார் முதலாளி. முதல் நாள் சாயங்காலமே டாங்கை வழிய வழிய நிரப்பி, கழுவித் துடைத்து வீட்டு வாசலில் நிறுத்தினேன்.

புதன்கிழமை. காலையில் எமகண்டம் முடிந்து ஒன்பது மணிக்கு மேல் கிளம்பவேண்டும். பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் பெண் வீட்டுக்குள் கால் வைத்துவிடவேண்டும். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதால் அப்பா நாற்றங்காலை விட்டு நகர முடியவில்லை. நான், அம்மா, அக்கா, அத்தான் நாலு பேர். கிளம்புமுன் அம்மா கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்து எடுத்து வந்தாள். பானெட்டுக்கு ஒரு பொட்டு, நாலு சக்கரத்துக்கும் நாலு, ஸ்டீயரிங்குக்கு ஒன்று. கிண்ணத்தில் இன்னும் மிச்சம் இருந்தது.

"பெட்ரோல் எங்கடா ஊத்துவே?"

காட்டினேன்.

"அதானே அதோட வாய்? வாய்க்கு வைக்காம விடலாமா?" என்று சொல்லி மூடியின் நடு மையத்தில் கட்டைவிரலால் அழுத்தி அப்பினாள். அதன்மேல் குங்குமம். மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் பெரிய பொட்டு.

நீடாமங்கலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி ஒரு தடவை தும்மியது. இரண்டாவது தும்மலில் இழுவை போய்விட்டது. ஓரம் கட்டினேன். செல்ஃப் அடித்தால் எஞ்சின் நன்றாகச் சுற்றியது. அப்படியென்றால் பேட்டரி குற்றம் இல்லை. ஒரு பிளக் வயரைக் கழற்றி எஞ்சின் உடம்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு அத்தானை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். பட் பட் என்று நீலமாகப் பொறி தாவியது. கரண்டும் வருகிறது. மிச்சம் பெட்ரோல்தான். டாங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கிற பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தேன், அடியில் கொஞ்சம்தான் இருந்தது. நல்ல வெயில். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்வது அந்த மாதிரி வண்டிகளுக்கு வழக்கம். துண்டை வாய்க்காலில் நனைத்து பம்பின் மேல் போட்டேன். கால் மணி நேரம் கழித்து செல்ஃப் அடித்ததும் பிடித்துக்கொண்டது.

"பாத்தீங்களா, டிரைவரே மாப்பிள்ளையா வந்தா இதான் சௌகரியம்" என்றார் அத்தான்.

மன்னார்குடி தாண்டி, திருத்துறைப்பூண்டிக்கு முன்னால் இரண்டாவது தடவை நின்றது. அதே தும்மல். அதே ஈரத்துண்டு. பம்பின் அடியில் கையால் அடிக்க ஒரு சின்ன லீவர் உண்டு. அதையும் அடித்துப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கிளம்பியது. ஈரத்துண்டுதான் சரி செய்தது என்று நம்பினேன். உண்மையில் துண்டு ஒன்றும் செய்யவில்லை, காத்திருந்த நேரம்தான் சரி செய்தது. அது அப்போது தெரியவில்லை.

அம்மா இரண்டு தடவையும் இறங்கவில்லை. பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தபடி இருந்தாள். வண்டி நகர்ந்த பிறகுதான் பேசினாள்.

"ரெண்டாச்சு. மூணாவது தடவை நின்னா அது வண்டி நிக்கிறதில்ல. போகாதேன்னு தெய்வம் சொல்றது. திரும்பிடணும்."

"சும்மா இரும்மா" என்றாள் அக்கா.

"நீ சும்மா இரு. ஒனக்குப் பாத்தப்ப எல்லா சகுனமும் நல்லா இருந்துச்சு, அதான் நல்லா இருக்கே."

"ஆமாமா, எனக்கே தெரியாம என்னை நல்ல சகுனத்துல கொண்டுவந்து விட்டுட்டாங்க" என்றார் அத்தான். அப்புறம் நான் ஓட்டினது ரோட்டைப் பார்த்து அல்ல. அடுத்த தும்மல் எப்போது வரும் என்று காதாலேயே ஓட்டினேன்.

திருத்துறைப்பூண்டி தாண்டியது. பச்சை குறைந்து, வரப்போரம் மணல் தெரிய ஆரம்பித்தது. கடல் காற்று முகத்தில் அடித்தது. இன்னும் அரைமணி நேரம்தான் என்று நினைத்தபோது வண்டி தும்மியது.

நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் கருவேல மரம். மணி பதினொன்றேகால். அம்மா இறங்கினாள். கையில் தாம்பூலப் பையையும் எடுத்துக்கொண்டாள். ரோட்டின் எதிர்ப்பக்கம், திரும்பிப் போகிற பஸ் வரும் பக்கம் போய் மரத்தடியில் நின்றாள்.

"வண்டிய நீ மெதுவா சரி பண்ணிக் கொண்டா. நாங்க பஸ்ல போறோம்" என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. குரல் நடுங்கியது. என் தலையில் ஏதோ விழப்போகிறது, அதிலிருந்து என்னை இழுத்துக்கொண்டு ஓடவேண்டும் என்கிற பயம் அது. அக்கா என்னைப் பார்த்தாள். அம்மாவிடம் பேசு என்று அவள் கண் சொன்னது. எனக்குப் பேச வராது. நான் வண்டிக்குத் திரும்பினேன். வண்டி எதனால் நிற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் அது சகுனம் இல்லை, கோளாறு. கண்டுபிடிக்காவிட்டால் அம்மா சொல்வதுதான். கோளாறைக் கண்டுபிடிப்பதுதான் அந்த ரோட்டில் எனக்குத் தெரிந்த ஒரே பேச்சு.

இந்தத் தடவை துண்டை எடுக்கவில்லை. பம்புக்கு வருகிற குழாயைக் கழற்றி, வாயால் உறிஞ்சிப் பார்த்தேன். பெட்ரோல் வரவில்லை. குழாய் என் உதட்டைத் திருப்பி இழுத்தது. பின்பக்கத்திலிருந்து யாரோ எனக்கு எதிராக உறிஞ்சுகிற மாதிரி இருந்தது. டாங்க் நிறைய பெட்ரோல் ஊற்றியவன் நான். அதனாலேயே அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. இப்போது போனேன். மூடியைத் திருகினேன். இறுகிக் கிடந்தது. இன்னும் பலமாகத் திருகியதும் உஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம். தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தவன் தலையைத் தூக்கி மூச்சு வாங்குகிற மாதிரி காற்று உள்ளே போனது.

அங்கேயே நின்றேன். டாங்க் மூடியின் நடுவில் குண்டூசி அளவு ஓட்டை ஒன்று இருக்கும். பெட்ரோல் குறையக் குறைய அந்த ஓட்டை வழியாகத்தான் காற்று உள்ளே போகவேண்டும். போகாவிட்டால் டாங்க் பெட்ரோலை விடாது, பிடித்து வைத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் சும்மா நின்றால் எங்காவது கசிந்து காற்று போகும், வண்டி கிளம்பும், மறுபடி நிற்கும். மூடியைத் திருப்பிப் பார்த்தேன். வெயிலில் காய்ந்து, ஓடு மாதிரி இறுகிப்போன சந்தனம். நடு மையத்தில்.

அத்தானும் பக்கத்தில் வந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. சிரிக்கப் போனவர் என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

மேலே இருந்ததை நகத்தால் சுரண்டினேன். ஓட்டைக்குள் போனது வரவில்லை. ஊசி வேண்டும். அம்மாவின் வளையலில் எப்போதும் ஊக்கு தொங்கும். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து போனேன்.

"அம்மா, ஒரு ஊக்கு குடு."

"எதுக்கு?"

நான் கையை நீட்டினேன். அவள் கழற்றிக் கொடுத்தாள். அவள் முன்னாலேயே நின்று, ஊக்கின் முனையால் ஓட்டையிலிருந்து சந்தனத்தைக் குத்திக் குத்தி எடுத்தேன். மஞ்சளாகத் தூள் தூளாக உதிர்ந்தது. பிறகு மூடியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். ஓட்டை வழியாக வானம் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அம்மாவும் பார்த்தாள்.

"இது வழியாத்தான் அது மூச்சு விடுதா?"

"ஆமாம்மா."

ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து அத்தான் குரல் கொடுத்தார். "வாயில போயி அப்பினா யாருக்குத்தான் மூச்சு முட்டாது அத்தை?"

அம்மா அவரைப் பார்க்கவில்லை. மூடியை என் கையிலிருந்து வாங்கினாள். புடவைத் தலைப்பால் நன்றாகத் துடைத்தாள். துடைத்த பிறகு கொஞ்சம் தயங்கினாள். பையைத் திறந்து, பெண்ணுக்கு வைக்கக் கொண்டுவந்த குங்குமத்திலிருந்து ஒரு துளி எடுத்து, ஓட்டையிலிருந்து தள்ளி, மூடியின் விளிம்போரமாக வைத்தாள்.

"இங்க வைக்கலாமா?"

"வைக்கலாம்மா."

அவள் தாம்பூலப் பையோடு ரோட்டைக் கடந்து வந்து பின் சீட்டில் ஏறினாள்.

குழாயை மாட்டி, லீவரை அடித்து, செல்ஃபைத் தொட்டதும் வண்டி பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஒரு தும்மல் இல்லை. ஆனாலும் பெண் வீட்டு வாசலில் நிற்கும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. அம்மா இறங்காமல் அத்தானைக் கேட்டாள்.

"ஊர்ப் பலகையத் தாண்டுறப்ப மணி என்ன மாப்ளே?"

அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. "பதினொன்னு அம்பத்தெட்டு" என்றார்.

"அப்பச் சரி. ஊருக்குள்ள வந்துட்டா வீட்டுக்குள்ள வந்த மாதிரிதான்" என்று சொல்லி வலது காலை எடுத்து வைத்து இறங்கினாள்.

உள்ளே பாயில் உட்கார்ந்த பிறகுதான் என் கையைப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையும் கிரீஸ். மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். பெண் காப்பித் தட்டோடு வந்தாள். போட்டோவில் நாற்காலியைப் பிடித்திருந்த மாதிரியே தட்டையும் இறுக்கிப் பிடித்திருந்தாள். எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். என் முன்னால் வந்து குனிந்தாள். நான் கையை நீட்டவில்லை. எடுத்தால் டம்ளரில் கறை படும். எடுக்காவிட்டால் பெண் பிடிக்கவில்லை என்று ஆகும். வேறு வழியில்லாமல் கையை விரித்துக் காட்டினேன்.

அவள் பார்த்தாள். தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். போனவள் வரவில்லையே என்று அவள் அப்பா எழுந்திருக்கும்போது, கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கிணற்றடியில் ஒரு கிண்ணத்தில் கல்லுப்பு, அதன்மேல் தேங்காய் எண்ணெய், பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர். நான் போய்க் குனிந்தேன்.

"நல்லா அழுத்தித் தேய்ங்க. போயிடும்" என்றாள். உப்பளத்து எஞ்சினைத் தொட்டு அப்பாவின் கை காலில் படிந்த கறையை அப்படித்தான் எடுப்பார்களாம். அதைப் பிறகு சொன்னாள், கல்யாணத்துக்குப் பிறகு.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தைந்து ஆகிறது. மூன்று மாதத்துக்கு முன்னால் நான் சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கியபோது கிண்ணத்தோடு வந்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இதோட வாய் எங்கடா? மூடி வச்சிட்டானுவளா?"

உள்ளே இருந்த லீவரை இழுத்துத் திறந்துவிட்டேன். உள்மூடியை விட்டு, வெளித்தகட்டின் ஓரமாக ஒரு சின்னப் பொட்டு வைத்தாள். என் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வளையலிலும் ஊக்கு தொங்கிக்கொண்டிருந்தது.