ஒரு கை சக்கும் காகு வீட்டு அன்னபூரணியும்

அப்பாவின் இடது கைக் கட்டைப் பிரித்த கையோடு எங்கள் வீட்டுக்கு லேத் வந்து சேர்ந்தது. மராட்டியத்தில் சாகண் என்ற ஊரில், கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில், பிரஸ் மெஷினில் அந்தக் கை மாட்டியிருந்தது. விரல்கள் தப்பிவிட்டன, பிடிமானம் போய்விட்டது. டீ டம்ளரைக்கூட நம்பி அந்தக் கையில் கொடுக்க முடியாது. கை சரியானதும் வரச் சொல்லியிருந்தார்கள். சரியாகாவிட்டால் என்ன என்பதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா பகலில் வீட்டில் இருப்பது எனக்குக் கொண்டாட்டமாகத்தான் இருந்தது.

அது மரம் கடைகிற சின்ன லேத். அப்பாவின் நண்பர் பழைய சாமான் கடையில் பார்த்து எடுத்துக் கொடுத்தது. தாபோடியில் நாங்கள் இருந்த இரண்டாவது மாடி பால்கனியில், துணி காயப்போடும் கொடிக்குக் கீழே அதற்கு இடம் கிடைத்தது. அன்றிலிருந்து எங்கள் துணியெல்லாம் மரத்தூள் மணந்தது. அப்பாவுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. பால்கனிக்கும் ஹாலுக்கும் நடப்பார், லேத்தைப் போடுவார், நிறுத்துவார், மறுபடி நடப்பார். அவர் பின்னாலேயே அம்மாவும் நடப்பாள்.

மரத்துண்டைக் கவ்விக்கொண்டு சுழற்ற லேத்துக்கு ஒரு வாய் வேண்டும். அதுதான் சக். கடையில் இரும்பில் கிடைக்கும். மரத்திலேயே செய்துவிடலாம் என்று அப்பா ஆரம்பித்தார். ஒரு கட்டையைக் கிண்ணம்போலக் குடைந்து, விளிம்பிலிருந்து பாதிவரை ரம்பத்தால் கீறிவிட்டால் அது நாலைந்து பல்லாகப் பிரியும். ரப்பர் குழாய்க்குப் போடுகிற கிளிப்பை வெளியே சுற்றி, ஸ்க்ரூவை முடுக்கினால் பற்கள் நெருங்கி மரத்தைப் பிடித்துக்கொள்ளும். முதல் சக் அப்படித்தான் பிறந்தது. மரத்துண்டு ஆடியது. அடுத்ததில் பல்லை அதிகமாக்கினார், அதற்கடுத்ததில் உள்ளே சைக்கிள் டியூப் ஒட்டினார். எதுவும் அவருக்குத் திருப்தியில்லை. தள்ளிவைத்ததெல்லாம் ஓர் அட்டைப்பெட்டியில் சேர்ந்தது.

இதற்கிடையில் அம்மா ஒரு வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தாள். தை பிறந்ததும் அங்கே மராட்டியர் வீடுகளில் ஹல்தி குங்கு. பெண்கள் வீடு வீடாகப் போய் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு, எள்ளுருண்டையோடு ஒரு சின்னப் பொருளும் வாங்கி வருவார்கள். அந்தப் பொருளை வாண் என்பார்கள். இந்த வருஷம் எங்கள் வீட்டு வாண், வீட்டுக்காரர் கையால் கடைந்த குங்குமச் சிமிழ் என்று கட்டடம் முழுக்கச் சொல்லிவைத்துவிட்டாள். அந்தக் கை ஒன்றுக்கும் உதவாது என்று மாடிப்படியில் யாரோ பேசியது அவள் காதில் விழுந்திருந்தது.

"ஏனுங்க, சிமிழு எப்பத்தான் வரும்?"

"சக்கு சரியா அமையட்டும். அப்புறம் ஒரே நாள்ல கடைஞ்சு தள்ளிடறேன்."

கிளிப் சக்கில் ஒரு கை மரத்தை நேராகப் பிடிக்க வேண்டும், மறு கை ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். அப்பா முழங்கையாலும் மோவாயாலும் மரத்தை அமுக்கிக்கொண்டு திணறுவார். அம்மா கைகொடுக்க வந்தால், "உடு புள்ள, நானே பாத்துக்கறேன்" என்று சீறுவார். அவள் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களிடம் கோபத்தைக் காட்டுவாள்.

ஹல்தி குங்குவுக்கு முதல்நாள் அந்த சக் அமைந்தது. அதில் கிளிப்பே கிடையாது. சக்கின் வெளிப்புறத்தைச் சரிவாகக் கடைந்து ஓர் இரும்பு வளையத்தை மாட்டியிருந்தார். சுத்தியலால் தட்டத் தட்ட வளையம் ஏறி, பற்கள் இறுகின. ஒரே கை போதும். லேத் ஓடியது, மரம் துளி ஆடவில்லை. அப்பா என்னைக் கூப்பிட்டு மறுபடி மறுபடி தட்டிக் காட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் வெகுநாள் கழித்துப் பார்த்தேன். சிமிழ்தான் ஒன்றுகூட ஆகியிருக்கவில்லை.

மறுநாள் பெண்கள் வரும் நேரத்துக்கு அப்பா வெளியே போய்விட்டார். அம்மா அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தாள். பழைய சக்குகளைத் துடைத்து, ஆளுக்கொன்றாக நீட்டினாள். பேனா வைக்கலாம், ஊதுபத்தி வைக்கலாம் என்றாள். "கிதி சான்!" எத்தனை அழகு என்று எல்லோரும் வியந்தார்கள். லேத்தில் மாட்ட அடியில் பதித்திருந்த நட்டு எதற்கு என்று ஒருத்தி கேட்டாள். கவிழாமல் இருக்க என்று அம்மா கூசாமல் சொன்னாள். கடைசியாக எதிர்வீட்டுக் காகு வந்தபோது பெட்டி காலி. மராட்டியில் காகு என்றால் சித்தி. அம்மா பால்கனிக்குப் போய்த் திரும்பினாள். காகு கைக்குப் போனது வளையம் போட்ட சக்.

அப்பா வந்து லேத்தைப் பார்த்தார்.

"ஒண்ணு கொறஞ்சுதுங்க. எல்லாம் மரக்கட்டைதானுங்களே" என்றாள் அம்மா.

அப்பா மறுபடி நடக்க ஆரம்பித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "காகு ஊட்டுக்குப் போயி நைசா வாங்கிட்டு வா கண்ணு" என்றார்.

போனேன். காகு வீட்டுப் பூஜை அலமாரியில் எங்கள் சக். அதன் வாய்க்குள் பித்தளை அன்னபூரணி. பீடம் தேய்ந்து எப்போதும் சாய்கிற அம்மனை உள்ளே இறக்கி, வளையத்தையும் தட்டிவிட்டிருந்தாள் காகு. "ஆதா தேவி ஹலத் நாஹி" என்று பெருமையாகக் காட்டினாள். அம்மன் இனி ஆடமாட்டாளாம். கொடுத்த வாணைத் திருப்பிக் கேட்பதே அபசாரம், அதுவும் அம்மனுக்கு அடியிலிருந்து எப்படிப் பிடுங்குவது? ஓர் எள்ளுருண்டையை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

"சாமி உள்ள இருக்குதுப்பா."

"ஆடுதா?"

"ஆடலை."

அப்பா சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, லேத் பக்கத்தில் உட்கார்ந்தார். வளையம் போட்டதையே இன்னொன்று செய்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் ஒரு கட்டையைக் குடைந்தார், கீறினார், பழைய கிளிப்பைத் தேடி எடுத்துச் சுற்றினார்.

"ஏ புள்ள, கொஞ்சம் வா. இத முடுக்கோணும்."

அம்மா ஓடிவரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாக வந்தாள். அப்பா மரத்தை நேராகப் பிடித்துக்கொள்ள, அவள் ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை, சீக்கிரம் சிமிழ் பார்க்க வேண்டும். லேத்திலிருந்து ஒரு சக்கைத் திருகிக் கழற்றுவது எத்தனை பாடு என்று பிற்பாடு நானே செய்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவ்வளவு பாடுபட்டு அந்த வளையச் சக்கைக் கழற்றத் தெரிந்தவளுக்கு, அந்தச் சின்ன ஸ்க்ரூவை முடுக்க மட்டும் ஏன் அவ்வளவு நேரம் பிடித்தது என்று அன்று எனக்குப் புரியவில்லை.