டீசல் சத்தத்தில் தூங்கும் பெண்ணும் சிங்கப்பூர் மாமாவும்

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது எங்கள் வீட்டு வழக்கம். அந்தத் தாய்மாமன், என் தம்பி செந்தில், சிங்கப்பூரில் சுவா சூ காங்கில் இருக்கிறான். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. மடி திண்டுக்கல்லுக்கு வராது என்றானதும், போன ஜூன் மாதம் பதினொரு மாத மகள் யாழினியின் காதை நானே மடியிடம் கொண்டுபோனேன்.

வந்து இறங்கியதிலிருந்து அவள் அவனிடம் போகவே இல்லை. கையை நீட்டினாலே அழுகை. மூன்று நாளாக என் தம்பியின் முகம் வாடிக்கிடந்தது. தூக்கம் கெட்டால் என் மகள் யாருக்கும் அடங்க மாட்டாள்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கேலாங் கிழக்கு சிவன் கோயிலில் காதுகுத்து. முதலில் லிட்டில் இந்தியாவில் பூ வாங்க வேண்டும். தம்பி தேடிப் பிடித்து மின்சாரக் கார் ஒன்றை, குழந்தை இருக்கையோடு பதிவு செய்திருந்தான்.

"சத்தமே இருக்காதுக்கா. பாப்பா ஜம்முன்னு தூங்குவா. எழுந்தா எங்கிட்ட வந்துடுவா."

எட்டரைக்குக் கிளம்பினோம். இருபது கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம், முப்பது வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். கார் அவ்வளவு அமைதி. அந்த அமைதியில் டயர் உரசுவது, இண்டிகேட்டரின் டிக்டிக், என் வளையல் என்று எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. ஒவ்வொன்றுக்கும் கண்ணைத் திறந்தாள். பிறகு அழ ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை.

ஓட்டுநர் காதர் அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும், சிங்கப்பூரிலேயே பிறந்தவர், பேச்சோடு பேச்சாக அந்த ஊர் 'லா' ஒட்டிக்கொள்ளும். "ஊர்ல பாப்பா எதுலம்மா தூங்குவா?" என்றார்.

"அவங்கப்பாவோட டீசல் ஜீப்புல. ஏறினதும் தூங்கிடுவா."

"அதான் லா. இன்ஜின் சத்தம் மத்த சத்தத்தையெல்லாம் அமுக்கிடும். அந்த ஆட்டமும் தொட்டில் மாதிரி. பூ வாங்கிட்டு தெம்பனிஸ் போற பஸ் எடுங்க, கேலாங் வழியாதான் போகும். டீசல் பஸ்ஸா பாருங்க. லாஸ்ட் சீட்டு, இன்ஜின் பக்கத்துலயே."

"காசு குடுத்து அமைதிய வாங்கினேன் பாருங்க," என்று தம்பி முணுமுணுத்தான்.

ஒன்பதே முக்காலுக்குப் பேருந்து ஏறினோம். கடைசி வரிசையில் இருக்கை அதிர்ந்ததில் என் பல்லும் சேர்ந்து ஆடியது. பூக்கூடை என் மடியில் இருந்ததால் குழந்தையைத் தம்பியிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. கொஞ்ச நேரம் சிணுங்கிவிட்டு, அவன் நெஞ்சில் சாய்ந்து தூங்கிப்போனாள். கேலாங் வரும்வரை அவன் கையை அசைக்கவே இல்லை. "மரத்துப்போச்சுக்கா," என்று சிரித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கோயிலில் எழுந்து, அவன் மடியிலேயே சமர்த்தாக உட்கார்ந்தாள். ஊசி பட்டதும் வீறிட்டாள். அவன் அவளை நெஞ்சோடு அணைத்து, அத்தனை பேர் முன்னாலும் தொண்டைக்குள் "ட்ர்ர்ர்" என்று டீசல் வண்டி ஓட்டினான். அவள் மெல்ல அடங்கினாள்.

குழந்தையோடு போகிறவர்களே, எந்தச் சத்தத்தில் உங்கள் பிள்ளை தூங்கிப் பழகியதோ, அந்த வண்டியாகப் பிடியுங்கள். சிங்கப்பூரின் புதுப் பேருந்துகளில் மின்சாரத்தில் ஓடுபவையும் உண்டு, கேட்டுவிட்டு ஏறுங்கள். பெரியவர்களுக்கு அந்த மின்சாரக் கார் சொகுசுதான், குறை சொல்ல மாட்டேன்.

ஊருக்கு வந்த பிறகு ஒரு மாற்றம். அவள் அப்பா ஜீப்பைக் கிளப்பியதும் யாழினி அங்குமிங்கும் பார்த்து "மாமா" என்கிறாள். வண்டி ஓட்டுகிற அப்பாவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.