சலீம் காக்காவைக் குளிப்பாட்டிய நாள்

பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியின் மரண அறிவித்தலில் அந்தப் பெயர் கேட்டது. கல்முனை பஸாரில் ரேடியோ திருத்தும், எனக்கு அண்ணன் போன்ற சலீம் காக்கா வபாத்தாகிவிட்டார். என் கடையைப் பூட்டிவிட்டு ஓடினேன்.

கொழும்பில் வேலை செய்த காலத்தில் நாங்கள் இருவரும் ஹெரோயின் ஊசி போட்டோம். இரண்டு பேருக்கும் ஒரே ஊசிதான். அந்தப் பழக்கத்தை விட்டு ஊர் திரும்புமுன் இரத்தம் சோதித்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை, அவருக்கு எச்.ஐ.வி. என்றார்கள். குணமாக்கும் மருந்து இல்லை என்றும் சொன்னார்கள். நான் தப்பியது வெறும் அதிர்ஷ்டம். ஊர் திரும்பும் பஸ் அம்பாறையில் நின்றது. "பசிக்குதுடா, இறங்கிச் சோறு திம்பம்" என்றார்.

ஊரில் யாரும் கேட்பதற்கு முன் நோயைத் தானே சொன்னார். ஊசிக் கதையில் என் பெயரை மட்டும் எடுக்கவில்லை. அவர் இருந்த ராத்தா வீட்டில், உடன்பிறந்த அக்காவின் வீட்டிலேயே, அவருக்கெனத் தனிக் கோப்பையும் தட்டும் வந்தன. மனம் நொந்துதான் இருப்பார். ஆனாலும், "மாமி வீட்டுல புது மாப்பிள்ளைக்கு வெக்கிற மாதிரித் தனிக் கோப்பை வெச்சிரிக்காங்க. பொண்ணுதான் இல்ல" என்று சிரித்தார். அவர் கடைக்கு வரும் ரேடியோக்கள் குறைந்தன. வந்தவற்றை ஒழுங்காகத் திருத்திக் கொடுத்தார்.

மௌத்துக்கு, சாவுக்கு, அவர் பயப்படவில்லை. குளிப்பாட்டாமல் பொலித்தீனில் சுற்றி அடக்கிவிடுவார்களோ என்றுதான் பயந்தார். எங்கோ அப்படி நடந்ததாக யாரோ சொல்லியிருந்தார்கள். ஒருநாள் என்னிடம் நேராகவே கேட்டார்: "நீ என்னக் குளிப்பாட்டுவியா?"

"ஓம், காக்கா."

"யோசிச்சுச் சொல்லு."

யோசித்தும் அதையேதான் சொன்னேன்.

அவர் வபாத்தான அன்று ராத்தா வீட்டு முற்றம் நிறைய ஆட்கள் நின்றார்கள். குளிப்பாட்ட ஒருவரும் வரவில்லை. கையுறை போட்டால் போதும் என்று அவரைப் பார்த்த டாக்டர் சொன்னதைச் சொன்னேன். யாரும் அசையவில்லை. மையத்தை, அந்த உடலை, தனியொருவனாகப் புரட்ட முடியாது. எப்போதும் போடும் முழுக்கைச் சட்டையின் கையை மடித்து ஊசித் தழும்புகளைக் காட்டினேன்.

"நானும் அவரோட ஊசி போட்டவன்தான். அந்த ஊசியில எனக்கு வராதது, தண்ணி ஊத்தினா ஒங்களுக்கு வருமா?"

ராத்தாவின் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் வந்தார். கடைசியாக ஊற்றும் கற்பூரத் தண்ணீர் வரை ஒரு குறையும் இல்லாமல் குளிப்பாட்டினோம். எனக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டே ஊற்றினேன்.

நாற்பதாம் நாள் குர்ஆன் ஓதும் கத்தமும் முடிந்துவிட்டது. அவரை அறிந்த ஊராரே, நீங்கள் ஆளுக்கொரு நினைவு வைத்திருப்பீர்கள். எனக்கு அவர் விட்டுப்போனது, உள்ளதை மறைக்காமல் சொல்லும் தைரியம். இப்போது பஸாருக்கு அரைக்கைச் சட்டையோடுதான் போகிறேன்.