கடுக்காய் லாரியில் ஜவ்வாது மலை

நடந்ததைச் சொல்வதற்கு முன் என் நிலையைச் சொல்லிவிடுவது முறை. எண்பதுகளின் நடுவில் நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பிரிவு அதிகாரி. பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டதாரி. சிட்லபாக்கத்தில் எங்கள் நகரின் நலச் சங்கத்துக்கு, போட்டியில்லாமல் தேர்ந்தெடுக்கப்பட்ட செயலாளர். எங்கள் தெருவுக்கு விளக்குக் கம்பங்கள் வந்தது என் மனுக்களால்தான் என்பதை என்னைப் பிடிக்காதவர்களும் மறுத்ததில்லை. தாம்பரம் ரயில் நிலையத்தில் நான் வழக்கமாக நிற்கும் இடம் காலியாக இருந்தால், அன்று எனக்கு உடம்பு சரியில்லை என்று ஊகித்து விசாரிக்க வீட்டுக்கே வருவார்கள். சலவை மடிப்புக் கலைந்த சட்டையில் என்னை யாரும் பார்த்ததில்லை. இப்படிப்பட்ட ஒருவன் முன்பு தோல் ஏற்றிக்கொண்டிருந்த லாரியில் படுத்துறங்கி மலையேறினான் என்றால் நம்புவது கடினம். நம்பாதவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. தவறாக நம்புகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

சென்ற வாரம் மருந்து வாங்க ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் போயிருந்தேன். ஒரு வாகனக் கடையின் வாசலில் வெள்ளை நிறத்தில் நீண்ட வண்டி ஒன்று பலூன் கட்டி நிறுத்தப்பட்டிருந்தது. கழுத்தில் அடையாள அட்டையோடு நின்ற இளைஞர் என்னைப் பார்த்ததும் கதவைத் திறந்துவிட்டார்.

"உள்ள வந்து பாருங்க அங்கிள். வீடே வண்டிக்குள்ள இருக்கு. இந்தியாவுக்கே புது கான்செப்ட்."

எட்டிப் பார்த்தேன். மடக்கும் கட்டில், அடுப்பு, குழாய் எல்லாம் இருந்தன. இருக்கைகள் அசல் தோல் என்றார். அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். மூக்கு அதற்குள் என்னைப் பம்மலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. இதுபோன்ற வண்டியில் நான் முன்பே பயணம் செய்திருக்கிறேன் என்றேன். "ஃபாரின்லயா அங்கிள்?" என்று கேட்டார். பம்மலிலிருந்து என்றேன். மரியாதையாகச் சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

பம்மல் வழியாக அந்நாளில் பேருந்தில் போனவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குறிப்பிட்ட நிறுத்தம் நெருங்கும்போது, பேச்சை நிறுத்தாமலே எல்லோருடைய கையும் கைக்குட்டைக்குப் போகும். தோல் பதனிடும் கூடங்களைத் தாண்டியதும் கைக்குட்டைகள் பைக்குத் திரும்பும். அந்த வாசனையில் பாதி தோலுடையது. மீதி, தோலைப் பதப்படுத்த ஊறவைக்கும் கடுக்காயுடையது. இதை நான் பின்னால்தான் அறிந்துகொண்டேன். அறிந்துகொண்டபின் கைக்குட்டை எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

என் மனைவி கமலாவின் தம்பி வாசு வங்கியில் எழுத்தர். நல்ல வேலை, ஆனால் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால், யாரோ அவனை அங்கே வைத்துவிட்டு எடுத்துப்போக மறந்ததுபோல் இருக்கும். அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. விடுதியில் தங்கப் பிடிக்காத, வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாத நம்மைப் போன்ற குடும்பங்கள் மலைகளைப் பார்ப்பதே இல்லை. வீட்டையே வண்டியில் வைத்து அழைத்துப்போனால் வருவார்கள் என்றான். சொன்னதோடு நிற்கவில்லை. சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு, பம்மல் தோல் வியாபாரி ஒருவர் கழித்துவிட்ட சிறிய லாரியை வாங்கினான். தச்சரைக் கொண்டு, ரயில் பெட்டியில் இருப்பதுபோல் சங்கிலியில் தொங்கும் பலகைகள் பொருத்தினான். மண்ணெண்ணெய் அடுப்புக்கு விளிம்பு வைத்த மேடை, குழாய் வைத்த தண்ணீர்ப் பீப்பாய், மேலே சுருட்டி விரிக்கும் தார்ப்பாய். தினமணித் தாளின் ஓரத்தில் அவன் எனக்கு வரைந்து காட்டிய படத்தைவிட வண்டி நன்றாகவே வந்திருந்தது.

என் மாமனார் கொதித்துப்போனார். தீபாவளி முடிந்ததும் விடுப்பு முடிகிறது. அன்று வங்கிக்குத் திரும்பாவிட்டால் மகனே இல்லை என்றார். இருவருக்கும் நடுவில் நான் ஒரு வழி சொன்னேன். ஒரு சோதனைப் பயணம் போவோம். எங்கள் சங்கத்துக் குடும்பங்கள் சில முன்வந்து வண்டியைக் கேட்டால் அவன் தொடரட்டும். கேட்காவிட்டால் நானே அவனை அழைத்துக்கொண்டுபோய் வங்கியில் விட்டுவிடுகிறேன். என் வார்த்தை மாமனாரிடம் செல்லும். எனவே, வாசுவின் பிழைப்பு மட்டுமல்ல, என் பேச்சும் அந்த லாரியில் ஏறியிருந்தது.

சாட்சியாக, சங்கப் பொருளாளர் ராமநாதனையும் அவர் மனைவி சாரதாவையும் அழைத்தோம். ராமநாதன் கணக்கில் சுத்தமானவர், பாராட்டில் சிக்கனமானவர். அவர் நன்று என்று சொல்லிவிட்டால் தெரு முழுவதும் பின்னால் வரும். வண்டியை ஓட்ட, அதைத் தோல் வியாபாரியிடமே ஓட்டிக்கொண்டிருந்த கன்னியப்பன் வந்தார்.

நாற்றம்தான் தீரவில்லை. மஞ்சள் நீர், வேப்பிலை, சாம்பிராணி என்று கமலா தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்துபார்த்தாள். தெரு நாய்கள் மட்டும் லாரியின் அடியில் பக்தியோடு படுத்துக்கிடந்தன. ராமநாதன் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்: "என்னப்பா, இது போகவே போகாதா?"

"இன்னா சார் நீ, பினாயிலா ஊத்திகினு கீறேன்," என்றார் கன்னியப்பன். "இதுக்கு மேல கழுவுனா வண்டியே கரைஞ்சி பூடும். மலைக்காத்து பட்டா சரியாய்டும் சார்."

புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும் சமயம். ஆயுத பூஜைக்கு லாரியின் நெற்றியில் சந்தனம் பூசி வாழைக்கன்று கட்டினோம். எங்கள் வீட்டுப் பூஜை அறையில் என் பேனா, அகராதி, கமலாவின் தையல் இயந்திரத்து ஊசிப்பெட்டி, அவற்றோடு லாரியின் ஸ்பேனர்களும் ஜாக்கியும் குங்குமம் வைத்து அடுக்கப்பட்டன. பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமியன்று மறுபூஜை செய்து, புத்தகத்தில் நாலு வரி படித்த பிறகே எடுக்கவேண்டும். எடுத்தோம். ஆனால் ராகுகாலத்துக்கு முன் புறப்பட வேண்டும் என்ற அவசரத்தில், பொரியும் வாழையிலையும் மூடியிருந்த ஜாக்கி அங்கேயே தங்கிவிட்டது. அதை எடுத்து வைத்திருக்க வேண்டியவர் யார் என்பதில் எங்கள் வீட்டில் இன்றுவரை ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

காஞ்சிபுரம், ஆரணி, போளூர் தாண்டி ஜவ்வாது மலையடிவாரம் வரை ராமநாதன் குறை சொல்ல முயன்று தோற்றுக்கொண்டிருந்தார். ஓடும் வண்டியில் சாரதா அம்மையார் போட்ட காபி ஒரு சொட்டும் சிந்தவில்லை. பலகையில் படுத்துப்பார்த்தவர், வீட்டுக் கட்டிலைவிட மேல் என்று சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்ததும் இருமினார். அன்று மாலை மலைமேல் ஒரு சமதளத்தில் நிறுத்திச் சமைத்து உண்டு உறங்கினோம்.

விடியற்காலையில் வாசு தார்ப்பாயைச் சுருட்டிவிட்டான். படுத்தபடியே பார்த்தேன். என் கால்களுக்கு அப்பால் மலை முடிந்து பள்ளத்தாக்கு தொடங்கியது. பள்ளத்தாக்கு முழுவதும் பனி. மழை பெய்து ஓய்ந்த மண்ணின் மணமும் சாமைக் கதிர்களின் மணமும் வந்தன. தோல் வாசனை அவற்றோடு சண்டையிடாமல் ஓரமாக இருந்தது. நான் சட்டை அணியவில்லை என்பது வெகுநேரம் கழித்தே நினைவுக்கு வந்தது. எதிர்ப் பலகையிலிருந்து கமலா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க ஆபீஸ்காரங்க இப்பப் பார்த்தா அடையாளமே தெரியாது உங்கள," என்றாள். அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

அன்று முற்பகல், ஜமுனாமரத்தூரைத் தாண்டிக் காட்டுப் பாதை ஒன்றின் சரிவில் பின்சக்கரம் காற்றிழந்தது. மாற்றுச் சக்கரம் இருந்தது. ஜாக்கி சிட்லபாக்கத்தில் சரஸ்வதியின் படத்துக்கு முன் இருந்தது.

"ஜாக்கிய சாமி ரூம்ல வெச்சிட்டு வண்டிய மலைக்கு இட்டாந்துகீறோம்," என்றார் கன்னியப்பன். "பேஜாரா பூச்சு சார்."

ராமநாதன் மடக்கு நாற்காலியை எடுத்து நிழலில் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் பொதுக்குழுவில் யாரோ ஒருவருடைய கணக்கு நிராகரிக்கப்படப் போகிறது என்று பொருள். வாசு அவரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் இருந்த அந்தப் பழைய முகம் அவனுக்குத் திரும்பிவிட்டது.

அப்போதுதான் மேலேயிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். பெண்களும் ஆண்களுமாகத் தலையில் மூட்டை. நாங்கள் பயந்தது உண்மை. அவர்களோ எங்களைப் பார்க்கவே இல்லை. லாரியைத்தான் பார்த்துச் சிரித்தார்கள். முன்னால் வந்த பெண்மணிக்குக் கன்னியப்பனைத் தெரிந்திருந்தது. பொன்னம்மா என்று பெயர்.

"எத்தினி நாளா பாத்துக்கினு இருக்கோம். மொதலாளி வரலியா?"

கன்னியப்பன் தலையைச் சொறிந்தார். செய்தி இதுதான்: பம்மல் வியாபாரி ஆண்டுதோறும் இதே லாரியை அனுப்பி இந்த மலையின் கடுக்காயை ஏற்றிக்கொள்வார். இப்போது டப்பாவில் வரும் குரோமியப் பொடிக்கு மாறிவிட்டார். அதனால்தான் லாரியையும் விற்றார். இதை மலையில் யாருக்கும் யாரும் சொல்லவில்லை. போன பருவத்துக் கடுக்காயைக் காயவைத்து, மூட்டை கட்டி, லாரிச் சத்தத்துக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். முதல்நாள் மாலை மலையில் அந்தச் சத்தம் கேட்டதும் ஊர்விட்டு ஊர் சொல்லியனுப்பியிருக்கிறார்கள்.

வாசு அவர்களுக்கு உள்ளதைச் சொன்னான். பொன்னம்மா மூட்டையை இறக்கி வைத்து, திறந்திருந்த லாரிக்குள் எட்டிப் பார்த்தாள். தொங்கும் பலகைகள், அடுப்பு, என் சட்டை மாட்டியிருந்த கொக்கி எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள்.

"ஏஞ்சாமி, ஊட்டத் தூக்கிக்கினு வந்தீங்களே, எங்க மூட்டய எங்க வெப்பீங்க?"

சக்கரத்துக்கு வழி சொன்னவர் சாரதா அம்மையார். புது வீடு கட்டியபோது பழைய சமையலறைத் தரையில் பதித்திருந்த ஆட்டுக்கல்லை எடுக்க முடியாமல், அதற்குக் கீழே தோண்டித்தான் எடுத்தார்களாம். "அச்சுக்கு அடியில கல்ல அடுக்கிட்டு, டயருக்குக் கீழ மண்ணத் தோண்டிட்டா டயர் தொங்காதா?" என்றார். கணவர் ஏதோ சொல்ல வாயெடுக்க, "நீங்க உக்காந்திருங்க," என்றார். சரிவில் வண்டி நகராமலிருக்க, மலைக்காரர் ஒருவர் தாம்புக்கயிறு கொண்டுவந்து முன் பம்பரில் முடிந்து மரத்தில் கட்டினார். கல் அடுக்கினோம். மண் தோண்டினோம். நானும் தோண்டினேன், சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு என்பதையும் சேர்த்தே பதிவு செய்கிறேன். வெயில் சாய்வதற்குள் சக்கரம் மாறிவிட்டது.

இதற்கிடையில் வாசு தரையில் உட்கார்ந்து கடுக்காயைப் பிளந்து முகர்ந்துகொண்டிருந்தான். தாம்பரத்திலும் பாரிமுனையிலும் எத்தனை நாட்டுமருந்துக் கடைகள், அவர்கள் எங்கிருந்து வாங்குகிறார்கள் என்று கன்னியப்பனைக் கேட்டான். பொன்னம்மாவைக் கேட்டான், வேறு என்ன விளைகிறது என்று. தேன், புளி, சாமை என்றாள். அவன் கேட்டுக்கொண்டே போனான். கவுண்டருக்குப் பின்னால் ஒருநாளும் வாடிக்கையாளரை நிமிர்ந்து பார்க்காதவன் அவன். பிறகு எழுந்து என்னிடம் வந்தான்.

"அத்திம்பேர், பலகைய மடக்கிட்டா எல்லா மூட்டையும் ஏத்திடலாம். ஆனா ராமநாதன் சார் மூட்டை மேலதான் உக்காந்து வரணும்."

அதன் பொருள் இருவருக்கும் தெரியும். ராமநாதன் மூட்டைமேல் அமர்ந்து ஊர் திரும்பினால், தெருவில் ஒரு குடும்பமும் வண்டியைக் கேட்காது. நான் மாமனாரிடம் கொடுத்த வார்த்தையின்படி வாசு வங்கிக்குப் போகவேண்டும். நான் எனக்குரிய நேரத்தை எடுத்துக்கொண்டு யோசித்தேன்.

"ஏத்து," என்றேன். "அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."

பேசினேன். சிரமமாகத்தான் இருந்தது. சொன்ன வார்த்தையை மாற்றிக்கொண்டு ஒருவர் முன் நின்றது என் வாழ்வில் அந்த ஒருமுறைதான். மாமனார் என்னோடு அடுத்த பொங்கல் வரை பேசவில்லை. வாசு வங்கிக்குத் திரும்பவும் இல்லை. கடுக்காயில் தொடங்கி, தேனும் புளியும் என்று ஆண்டு முழுவதும் அந்த மலைக்கும் தாம்பரத்துக்குமாக ஓடினான். பின்னர் போளூரிலேயே வீடு கட்டிக்கொண்டான். இப்போது மலைக்காரர்களே சேர்ந்து சொந்தமாக வண்டி வைத்திருக்கிறார்கள். பொன்னம்மாவின் பேரன் ஓட்டுகிறான். சாமை வரும்போது எங்களுக்கும் ஒரு பை வந்துவிடுகிறது.

அந்த லாரி எப்போதோ பழைய இரும்புக்குப் போயிற்று. பம்மலில் கடுக்காய் ஊறிய தொட்டிகள் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. அவற்றில் குடியிருப்பவர்களுக்குக் கைக்குட்டை தேவைப்படுவதில்லை. ரயில் நிலையத்தில் நான் நின்ற இடத்தில் ஒரு தானியங்கிப் படிக்கட்டு இறங்குகிறது. சந்தனம் காய்ந்த அந்த ஜாக்கி மட்டும் எங்கள் பரணில் இருக்கிறது. அந்த இளைஞரிடம் அவருடைய வெள்ளை வண்டியில் மூட்டை ஏற்ற இடமுண்டா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. வாசுவின் பெண் மலையில் ஒரு தங்கும் வண்டி விடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் கேட்பாள்.

ஒன்றை மட்டும் திருத்திவிட வேண்டும். நாங்கள் திரும்பிய அன்று, முன் பம்பரில் தாம்புக்கயிறு தொங்க, லாரி எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. மலையில் கட்டிய கயிற்றை மரத்திலிருந்து மட்டும் அவிழ்த்திருந்தோம். வண்டி வழியிலேயே படுத்துவிட்டதென்றும், வேறொரு லாரி தாம்பரம் வரை கட்டியிழுத்து வந்ததென்றும் அன்று மாலையே பேச்சாகிவிட்டது. இன்றும் எங்கள் நகரின் பழைய ஆட்கள் அப்படித்தான் சொல்லிச் சிரிக்கிறார்கள். ராமநாதன் அதைச் சொல்லவில்லை; மறுக்கவும் இல்லை. மறைந்தவரைக் குறை சொல்வது என் வழக்கமன்று. ஆனால் அந்த லாரி அத்தனை மூட்டைகளோடும் எங்களோடும் தன் சொந்த எஞ்சினில் ஓடிவந்தது. கயிறு இருந்தது உண்மை. அதன் மறுமுனையில் எந்த வண்டியும் இல்லை.