இறக்கத்தைச் சேர்த்துவைத்த டொக்டரம்மா

டொக்டரம்மா காலமான செய்தி வந்தபோது அப்புத்தளை சலூனில் எனக்குப் பாதி முகம்தான் சவரமாகியிருந்தது. மீதியோடு எழுந்து வந்துவிட்டேன். அவர் பார்த்திருந்தால், "கிளாக்கர், உங்களுக்கு எல்லாத்திலயும் அவசரம்" என்றிருப்பார்.

யாழ்ப்பாணத்திலிருந்து நம் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்த புனிதவதி அம்மாவையும் அவருடைய காரையும் அறியாதவர் உங்களில் இருக்க முடியாது. பெற்றோலிலும் மின்சாரத்திலும் ஓடும் யப்பான் கார். கொழும்பில் கூடுதல் பற்றரி பொருத்தி, வீட்டு பிளக்கில் சார்ஜ் ஏற்றும்படி மாற்றியிருந்தார். இரவெல்லாம் வயரோடு நின்றதால், ஓடிவிடாமல் ஆடு மாதிரிக் கட்டியிருக்கிறார் என்று காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கதை பரப்பியது நான்தான். அந்த மின்சாரமோ நம் ஓடைத் தண்ணீர் சுழற்றும் டைனமோவில் வந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய் நோயாளி பார்க்க ஒரு சொட்டுப் பெற்றோல் வேண்டாம். சத்தமும் கிடையாது, யாரைப் பற்றியாவது நான் பேசிக்கொண்டிருக்கையில் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். தூரப் பயணத்தில் பற்றரி இறங்கினால் பெற்றோல் இஞ்சின் தானே எழுந்துகொள்ளும்.

மண்சரிவில் கொழும்புப் பாதை மூடி, பெற்றோல் செட்டுகள் காய்ந்து கிடந்த வாரம் அது. கொழுந்து பறிக்கும் செல்விக்குத் தலைப்பிரசவ வலி. பிள்ளை குறுக்கே கிடந்தது. பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும். தோட்டத்து லொறி சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டியிருந்தது. காரில் பற்றரி நிறைய, பெற்றோல் அடிமட்டம். அம்மா பின்சீட்டில் செல்வியோடு; சாரதி நான்.

தோட்டத்து ஏற்றங்களே பற்றரியைக் குடித்துவிட்டன. பெற்றோல் இஞ்சின் உறுமத் தொடங்கியது. "கார் நின்னுருமாங்க?" என்று முனகினாள் செல்வி. பண்டாரவளை தாண்டி நீண்ட இறக்கம். நியூட்ரலில் போட்டு உருட்டிப் பெற்றோல் மிச்சம் பிடிப்பது நம் மலைநாட்டுக் குலவழக்கமாயிற்றே, என் கை தானாகப் போனது.

"நியூட்ரலில விடாதேங்கோ, கிளாக்கர். இறக்கத்தைச் சேர்த்து வைப்பம். ஏத்தத்துக்கு வேணும்."

கியரில் விட்டால் உருளும் சக்கரமே பற்றரியை நிரப்புமாம். நான் நம்பவில்லை. ஆனால் மீட்டரில் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. பதுளை எல்லையில் பெற்றோல் தீர்ந்தது. எதிரே ஆஸ்பத்திரி மேடு. மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். பின்னால் விட்டுவந்த மலையெல்லாம் சேர்ந்து தள்ளுவதுபோல், சத்தமே இல்லாமல் கார் ஏறியது.

செல்வியின் மகன் இப்போது லயத்து வாசலில் என்னைக் கண்டால் கல்லெறிகிறான். நல்ல கை.

டொக்டரம்மாவின் நினைவாக என்னிடம் பொருள் ஒன்றும் இல்லை. என் பழைய வேனில் இறக்கத்தைச் சேர்த்துவைக்க வழியும் இல்லை. ஆனாலும் இறக்கம் வந்தால் என் கை நியூட்ரலுக்குப் போவதில்லை.